மாடி போர்ஷனுக்கு ரெண்டே பேர்

"அந்த ஓட்டை வாளியை முதல்ல அப்புறப்படுத்துங்கம்மா. வீடு பார்க்க வர்றவங்க கண்ணு நேரா பாத்ரூமுக்குத்தான் போகும்."

புரோக்கர் சொன்னதும் வீட்டுக்காரம்மா முனகிக்கொண்டே வாளியைத் தூக்கிப் போனாள். அந்த இடத்தில் புது நீல வாளியையும் மக்கையும் வைத்துவிட்டு, தள்ளி நின்று அழகு பார்த்தான் அவன்.

அந்த வட்டாரத்தில் அவனுக்குப் 'பளபளா' என்றே பெயர். மற்ற புரோக்கர்கள் பூட்டைத் திறந்துவிட்டு வாசலில் நின்று பல் குத்திக்கொண்டிருப்பார்கள். இவன் சுவரில் துருத்திக்கொண்டிருக்கும் ஆணியைப் பிடுங்கி ஓட்டையை அடைப்பான். சுவிட்சுகளைத் துடைப்பான். ஜன்னலைத் திறந்து பெயிண்ட் வாசனையை வெளியே விரட்டுவான். பிறகு வெயில் உள்ளே விழும் நேரம் பார்த்து, அறை மூலையில் முதுகை ஒட்டிக்கொண்டு போட்டோ எடுப்பான். எலிப் பொந்துகூட அவன் போட்டோவில் பங்களாவாகிவிடும் என்று வயிற்றெரிச்சல்காரர்கள் சொல்வார்கள்.

ஆனால் இந்த மாடி போர்ஷன் அவனுக்கே தண்ணி காட்டியது. வந்தவர்கள் எல்லோரும் சுற்றிப் பார்த்துவிட்டு, "சொல்லி அனுப்புறோம்" என்று நழுவிவிட்டார்கள். இன்று வருகிறவர்களுக்கும் பிடிக்கவில்லை என்றால் வேறு புரோக்கரைப் பார்த்துக்கொள்வேன் என்று வீட்டுக்காரம்மா கறாராகச் சொல்லிவிட்டாள். இதே தெருவில் அவளுக்கு இன்னும் சில வீடுகள் உண்டு. அத்தனையும் சேர்ந்து கைநழுவிவிடும்.

"யாரும்மா வர்றாங்க? விளம்பரத்துல உங்க நம்பரைத்தான் போடணும்னு அடம் பிடிச்சீங்க. எனக்கு ஒண்ணுமே தெரியல."

"என் தலைக்கு மேல குடியிருக்கப் போறவங்க. நான்தானே முதல்ல பேசணும்? ரெண்டே பேர், தம்பி. அம்மாவும் பொண்ணும். போன்ல என்ன பாந்தமான பேச்சு."

அது போதும் அவனுக்கு. வேலைக்குப் போகும் பெண், வயசான அம்மா. அந்த அம்மாவுக்கு மூட்டுவலி இல்லாமலா இருக்கும்? ஓடிப்போய் மாடிப்படிக் கைப்பிடியை ஆட்டிப் பார்த்தான். லொடலொடவென்று ஆடியது. ஸ்க்ரூடிரைவரை எடுத்து முடுக்கினான்.

"பொண்ணுக்கு என்ன வேணுமாம்?"

"படிக்க மேசை போட இடம் கேட்டாங்க."

"ஏதோ பரீட்சைக்குப் படிக்குதுபோல. இந்த ஜன்னலோரம் போட்டுடலாம், நல்ல வெளிச்சம். அம்மாவுக்கு?"

"பெருசா ஒண்ணும் இல்ல. கதவுக்கு உள்பக்கம் நல்ல தாழ்ப்பாள் இருக்கான்னு ரெண்டு தடவை கேட்டாங்க."

புரோக்கருக்கு மனசு இளகிவிட்டது.

"ஆம்பளத் துணை இல்லாத வீடு. பயம் இருக்கத்தானேம்மா செய்யும், பாவம்."

கையோடு கடைக்கு ஓடி, கனமான தாழ்ப்பாளாக ஒன்று வாங்கி வந்து பொருத்தினான். மாடிப்படிக்குப் புது பல்பும் மாட்டினான். வேர்த்துக் கொட்டியது. வீட்டுக்காரம்மா தேநீரை நீட்டினாள்.

"உங்க வீட்லயும் இப்படித்தான் இழுத்துப் போட்டு வேலை செய்வீங்களா தம்பி? உங்க சம்சாரம் குடுத்து வச்சவங்க."

"நீங்க வேற. வீட்டுக்குப் போனாத்தானேம்மா வேலை செய்ய? ஊர்ல இருக்கிற வீட்டையெல்லாம் பார்க்கவே நேரம் சரியா இருக்கு."

சொல்லிவிட்டு அவனே சிரித்தான். வீட்டுக்காரம்மாவும் சிரித்தாள்.

"எதைப் பார்த்தும்மா இந்த வீட்டுக்கு ஆசைப்பட்டாங்க?"

"எல்லாம் உங்க போட்டோதான். வெயில் விழுற அந்த அறையைப் பார்த்துக்கிட்டே இருந்தாங்களாம். அங்க உட்கார்ந்தா கொஞ்சம் நிம்மதியா மூச்சு விடலாம்னு தோணுச்சாம்."

அவனுக்குப் பெருமை பிடிபடவில்லை. இந்தத் தடவை காரியம் பழம்தான் என்று மனசு அடித்துச் சொன்னது.

கீழே கேட் திறக்கும் சத்தம் கேட்டது. வீட்டுக்காரம்மா அவசரமாக இறங்கிப் போனாள். அவன் தலையைக் கோதிக்கொண்டான். திரைச்சீலையை இன்னும் கொஞ்சம் விலக்கி வெயிலுக்கு வழிவிட்டான். வாசல் பக்கம் திரும்பி, தொழிலுக்கென்றே வைத்திருக்கும் சிரிப்பை முகத்தில் ஏற்றிக்கொண்டான்.

"வாங்கம்மா, வாங்க. மெதுவா ஏறி வாங்க. உங்களுக்காகவே பார்த்துப் பார்த்து…"



வாசலில் நின்றது அவன் மனைவி. அவனைப் பார்த்த மாத்திரத்தில் அவள் முகம் வெளுத்தது. இது வேறு யாரோ, கண்தான் ஏமாற்றுகிறது என்று நினைக்கப் பார்த்தான். அதற்குள் அவளுக்குப் பின்னாலிருந்து பள்ளிச் சீருடையில் ஓடி வந்த அவன் மகள் அவன் காலைக் கட்டிக்கொண்டாள்.

"அப்பா, நீங்களும் இங்க வர்றீங்களா? இனிமே நானும் அம்மாவும் மட்டும்தான்னு அம்மா சொன்னாங்களே."

ஒன்றும் விளங்காத வீட்டுக்காரம்மா மூவரையும் மாறி மாறிப் பார்த்தாள். மனைவி அறைக்குள் வந்தாள். ஜன்னலை, சுவரை, கதவின் தாழ்ப்பாளை நிதானமாகப் பார்த்தாள். அவனை மட்டும் பார்க்கவில்லை.

"வீடு பிடிச்சிருக்கும்மா," என்றாள். "எப்ப குடிவரலாம்?"