பெட்டி பிரிக்காத டார்ச்

பனி இறங்கிய புல்வெளியில் தவளையின் கடை மிதப்பதுபோல் தெரிந்தது. நரிக்குப் பயந்த முயலக்கா அங்கே ஒவ்வொரு டார்ச்சாகக் கையில் வைத்துப் பார்த்தாள். பெரியது கனத்தது, அழகானது விலை கட்டுப்படியாகவில்லை. கடைசியில் விரல் நீளத்தில் ஒன்று, நிலாவின் குட்டிபோல, மலிவாகக் கிடைத்தது.

"கண்ணுல அடிச்சா போதும், நரி தடுமாறிப் போயிடும்" என்று தவளை அதைப் பெட்டியில் போட்டு டேப் ஒட்டிக் கொடுத்தது.

புதுசாச்சே, கீறல் விழக்கூடாதே! முயலக்கா பெட்டியைப் பிரிக்காமலே துணியில் சுற்றி, ரப்பர் பேண்டும் போட்டு மடியில் செருகிக்கொண்டாள்.

வழியில் பனிக்குள்ளிருந்து நரி வந்து நின்றது. அவள் பதறி ரப்பர் பேண்டை இழுத்தாள், துணியை அவிழ்த்தாள். டேப்தான் வரவில்லை. பல்லால் கடித்தாள்.

நரி எதிரே சம்மணமிட்டு உட்கார்ந்தது. "மெதுவா பிரிங்கக்கா, கீறல் விழுந்திடப் போகுது. எனக்கு ஒண்ணும் அவசரமில்லை."