அடுத்த ட்ரிப்

"திட்டணுமா, பாராட்டணுமா? முதல்ல அதைச் சொல்லுங்க," என்றாள் பௌவன், அடுப்பில் விறகைத் தள்ளியபடி.

எதிர் பெஞ்சில் ஒரு வெளிநாட்டுப் பெண் நிருபர். பக்கத்தில் அவளுடைய மொழிபெயர்ப்பாளர். சீனா போட்டுக் கொடுத்த ரயிலைப் பற்றி லாவோஸ்காரர்கள் என்ன நினைக்கிறார்கள் என்று கேட்டுப் போக வந்திருந்தார்கள். பௌவனுக்கு இது புதிதல்ல. மலைமேல் இருந்த அவளுடைய நூடுல்ஸ் கடைக்குச் சாப்பிட ஆள் வந்ததோ இல்லையோ, பேட்டி எடுக்க ஆள் வந்துகொண்டே இருந்தது.

"போன மாசம் வந்தவங்க நான் அழுவேன்னு பார்த்தாங்க. அதுக்கு முன்னாடி வந்தவங்க சிரிக்கச் சொல்லிப் படம் எடுத்தாங்க. ரெண்டும் எனக்கு மனப்பாடம்."

மொழிபெயர்ப்பாளர் ஆங்கிலத்தில் சொன்னார். நிருபர் சிரித்துவிட்டாள்.

"உள்ளதை உள்ளபடி சொன்னாப் போதுமாம்," என்றார் அவர்.

"இங்கிலீஷ் நல்லா வருதே ஐயா, எங்க கத்துக்கிட்டீங்க?"

"முன்னாடி வேலை பார்த்த இடத்துல. வெளிநாட்டுப் பயணிங்க நிறைய வருவாங்க."

பௌவன் கரண்டியைக் கீழே வைத்துவிட்டு அவர் முகத்தை நன்றாகப் பார்த்தாள்.

"அப்ப எழுதிக்கச் சொல்லுங்க. வெள்ளிக்கிழமையோட கடையை மூடறேன். தலைநகர் வியந்தியான்ல தங்கச்சி வீட்டுக்கே போயிடப் போறேன். ஆனா அதுக்கு ரயில் காரணமில்ல."

"அப்புறம் என்ன காரணம்?"

"பஸ் ஓடின காலத்துல இந்தக் கடையைப் பார்த்திருக்கணும் ஐயா. காலையில வியந்தியான்ல ஏறினவங்க வளைவுக்கு வளைவு குலுங்கி, வயித்தைப் பிடிச்சிக்கிட்டு இங்க வந்து இறங்குவாங்க. ஒரு பஸ் டிரைவர் இருந்தான். கடைசி வளைவுல ஹாரன் அடிப்பான், அஞ்சு பேருக்கு ஒரு தடவை. ஆறு தடவை கேட்டா முப்பது கிண்ணம். பஸ் வந்து நிக்கறப்ப சூப்புல ஆவி பறக்கும்!"

சொல்லும்போதே அவள் முகம் மலர்ந்துவிட்டது. பிறகு காலி மேசைகளைத் துணியால் ஒரு தரம் துடைத்தாள். அந்தச் சத்தமும் நெரிசலும் இனி வராது.

"டிரைவருங்களுக்குச் சாப்பாடு இலவசம். தின்னுட்டு மகாராஜா மாதிரி எழுந்து போவாங்க. இவன் மட்டும் தன் கிண்ணத்தைத் தானே கழுவிக் கவுத்துட்டுப் போவான். பதினோரு வருஷம்!"

மொழிபெயர்ப்பாளர் நிருபரிடம் நாலே வார்த்தை சொன்னார்.

"என்ன ஐயா, நான் மூட்டையா கொட்டறேன், நீங்க கைப்பிடி அள்ளிக் குடுக்கறீங்க?"

"முக்கியமானதைச் சொல்லிட்டேன்."

"எது முக்கியம்னு உங்களுக்குத் தெரியுமாக்கும்! ஒரு நாள் நானே வெட்கத்தை விட்டுக் கேட்டேன், இந்தக் கடையை நாம ரெண்டு பேருமா நடத்தலாமான்னு. காது வரைக்கும் சிவந்துபோய், அடுத்த ட்ரிப்புல சொல்றேன்னான். அந்த வாரமே ரயில் வந்துச்சு. அவன் பஸ்ஸை நிறுத்திட்டாங்க. அடுத்த ட்ரிப்பே இல்லாமப் போச்சு."

மொழிபெயர்ப்பாளர் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். நிருபர் ஏதோ கேட்டாள்.

"ரயில்மேல கோபமான்னு கேக்கறாங்க."

"ரயில்மேல என்ன கோபம்? அது அஞ்சு வருஷம் மலையைக் குடைஞ்சு, ஊரையே அதிர வச்சு, சொல்லிட்டுத்தான் வந்துச்சு. அவன்தான் சொல்லாமப் போயிட்டான். மூணு வருஷமாச்சு, எட்டிக்கூடப் பார்க்கல."

ரயில்மேல் கோபமில்லை என்பது மட்டும் ஆங்கிலத்தில் போனது. நிருபர் அதைக் கவனமாக எழுதிக்கொண்டாள்.

"கடைசிக் கேள்வி. உங்களுக்கு இப்ப என்ன வேணும்னு..." என்றார் அவர், தரையைப் பார்த்தபடி.

"எனக்கா? வெள்ளிக்கிழமைக்குள்ள அவன் பதில் சொல்லணும். சரியோ, இல்லையோ, ஒரு வார்த்தை. இதை அப்படியே சொல்லுங்க, ஒரு எழுத்து விடாம."

நிருபர் பேனாவோடு காத்திருந்தாள். மொழிபெயர்ப்பாளர் அவள் பக்கம் திரும்பவே இல்லை. மெல்ல எழுந்து நின்றார்.

"என்னைத் தெரிஞ்சுக்கிட்டுத்தானே ஐயா, ஐயான்னு பேசினே? வேலை போனவன் எந்த முகத்தோட உன் முன்னாடி வந்து நிப்பேன், பௌவன்?" என்றார் அந்தப் பழைய பஸ் டிரைவர். "சரின்னு சொல்லத்தான் இவங்களை இந்தக் கடைக்கே கூட்டிக்கிட்டு வந்தேன்."