எலுமிச்சம்பழம் கட்டிய லேப்டாப்

லேப்டாப்பின் முதுகில் எலுமிச்சம்பழமும் பச்சைமிளகாயும் கோத்துத் தொங்கின. மூடியில் விபூதிப் பட்டை வேறு. ஆசாத் பையைக் கீழே வைத்துவிட்டு, இதில் எதை முதலில் கழற்றுவது என்று முழித்தான்.

"அதத் தொடாத தம்பி! கோயில்ல மந்திரிச்சுக் கட்டுனது," என்று அதட்டினாள் கனகலட்சுமி. நாலு தெருவுக்குக் கேட்கிற தொண்டை அவளுக்கு. "நீ வந்து பாத்த லெச்சணத்துக்கு இதாவது கைகொடுக்குதான்னு பாக்குறேன்."

அருப்புக்கோட்டையில் லேப்டாப் ரிப்பேர் கடை வைத்திருக்கும் ஆசாத், எம்.ரெட்டியபட்டியில் இந்த வீட்டுக்கு வருவது இது மூன்றாவது தடவை. கனகலட்சுமியின் மருமகள் ரோஷினி, வீட்டிலிருந்தபடியே மெட்ராஸ் கம்பெனி ஒன்றுக்கு வேலை பார்க்கிறாள். மீட்டிங்கில் அவள் வாயைத் திறக்கிற நேரம் பார்த்துத் திரை நீலமாகும், லேப்டாப் படுத்துவிடும். இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா மெட்ராஸ் ஆபீஸுக்கே வந்து உட்கார வேண்டியதுதான் என்று மேனேஜர் கறாராகச் சொல்லியாயிற்று.

ரோஷினியின் புருசன் மதன்குமாருக்கும் மெட்ராஸில்தான் வேலை. கல்யாணமான கையோடு மகனை மட்டும் பஸ் ஏற்றிவிட்டு, மருமகளை இங்கேயே பிடித்து வைத்துக்கொண்ட புண்ணியவதி கனகலட்சுமி என்று ஊரே பேசும். அவளும் சும்மா இருந்தாளா? "வீட்டோட இருந்து சம்பாரிக்கிற மருமக எவளுக்குடி வாய்க்கும்?" என்று மகளிர் குழுக் கூட்டத்தில் தலைவி நாற்காலியில் உட்கார்ந்து பீற்றிக்கொண்டவள்தானே.

ரோஷினி குளிக்கப் போயிருந்தாள். "பாஸ்வேர்டு வேணுமேம்மா," என்றான் ஆசாத்.

"எம்மவன் பேரு, பெறகு ஒண்ணு ரெண்டு மூணு. கட்டுன புருசன் பேர வெக்காம வேற யாரு பேர வெப்பா?"

திறந்து பார்த்தவன் தலையில் அடித்துக்கொண்டான். வைஃபையை வேலை செய்ய வைக்கிற சின்ன சாஃப்ட்வேருக்கு வைஃபை டிரைவர் என்று பேர். கோளாறெல்லாம் அதில்தான். வந்த ரெண்டு தடவையும் பழசைத் தூக்கிவிட்டுப் புதுசு போட்டுக் கொடுத்துப் போயிருந்தான். இப்போது பார்த்தால் அந்தப் பழசே நடு வீட்டில் காலை நீட்டி உட்கார்ந்திருக்கிறது.

"ஏம்மா, அன்னைக்கு ரெண்டு பேரையும் பக்கத்துல நிக்க வச்சுத்தான சொன்னேன்? இந்தா, இந்த 'ரோல் பேக்' பட்டன மட்டும் அமுக்கிராதீக, பழசு திரும்பி வந்துரும்னு! யாரோ அமுக்கியிருக்காகளே."

"இங்க எவ அமுக்குவா? உனக்கு வேல தெரியலன்னு சொல்லு. அருப்புக்கோட்டையில நாலு பேருகிட்ட நானே சொல்லுதேன், வேற கடைக்குப் போகட்டும்."

ஆசாத்துக்குச் சுருக்கென்றது. அதற்குள் ரோஷினி தலையைத் துவட்டிக்கொண்டு வந்து, லேப்டாப் அவன் கையில் இருந்ததால் செல்போனிலேயே மீட்டிங்கில் உட்கார்ந்தாள்.

அவ்வளவுதான், கனகலட்சுமி வேறு ஆளாகிவிட்டாள். அரைபட்டுக்கொண்டிருந்த சட்னியைப் பாதியில் விட்டு மிக்ஸியை அணைத்தாள். வாசலில் கொக்கரித்த கோழியைச் சத்தமில்லாமல் சேலை முந்தானையால் விரட்டினாள். குழு விஷயமாகப் பேச வந்த பெண்ணிடம் வாயில் விரலை வைத்துக் காட்டித் திருப்பி அனுப்பினாள். பிறகு காபியை ஆற்றிக்கொண்டு பூனை நடை நடந்து வந்து மருமகள் பக்கத்தில் வைத்தாள். ரோஷினி ஏறெடுத்தும் பார்க்கவில்லை.

அடேயப்பா, சம்பளம் கொண்டாற மருமகளுக்கு என்ன காவல், என்ன காவல் என்று ஆசாத் மனசுக்குள் காறித் துப்பினான்.

அப்போதுதான் அவனுக்குப் பொறி தட்டியது. புருசன் மெட்ராஸில், பெண்டாட்டி ரெட்டியபட்டியில். பட்டனை அமுக்கிய கை எது என்று சொல்ல இதற்கு மேல் துப்பறியும் போலீஸா வர வேண்டும்? பாவம், மாமியாரிடம் வாய்விட்டுக் கேட்க முடியாத பிள்ளை இப்படிக் கேட்கிறது! தன் புத்தியை நினைத்து அவனுக்கே பெருமை தாங்கவில்லை. புது டிரைவரைப் போடாமலேயே லேப்டாப்பை மூடினான். கடைப் பேர் கெட்டால் கெட்டுவிட்டுப் போகட்டும்.

பைக் வரைக்கும் கூடவே வந்தாள் கனகலட்சுமி. "என்ன தம்பி, சரியாயிருச்சா?"

எதற்கும் இருக்கட்டும் என்று ஆசாத் முதலில் ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான். பிறகு ஒரே மூச்சில் சொன்னான். "இது இங்க சரியாகாதும்மா. எத்தன தடவ பாத்தாலும் இப்படித்தான் படுக்கும். பேசாம மருமகள மெட்ராஸுக்கு அனுப்பி வச்சிருங்க. புருசனும் பெண்டாட்டியும் ஒண்ணா இருந்தாப்புல ஆச்சு."

கனகலட்சுமி வீட்டுக்குள் எட்டிப் பார்த்தாள். மீட்டிங் ஓடிக்கொண்டிருந்தது. கிட்டே வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கண் கலங்கியிருந்தது.

"நீ நல்லாருப்ப தம்பி! இதையே உள்ள வந்து அவ காதுல விழற மாதிரி சொல்லிட்டுப் போயிரு. எம்மவனும் கூப்புட்டுக் கூப்புட்டு ஓஞ்சு போனான். இங்கதான் வசதியா இருக்குன்னு அசைய மாட்டேங்கிறா."

ஆசாத் ஹெல்மெட்டைக் கழற்றினான். "அப்ப அந்த பட்டன அமுக்குனது...?"

"நாந்தான். என் வீட்டுல நான் வாயத் தொறந்து பேச வேணாமாய்யா?"