தொண்ணூற்று நான்கு

மீட்டர் மறுபடியும் தொண்ணூற்று நான்கு என்றே காட்டியது.

எனக்கு அதைத் தூக்கிச் சுவரில் அடிக்கலாம் போல இருந்தது.

பெஞ்சில் உட்கார்ந்திருந்தவருக்கு ரத்தத்தில் ஆக்சிஜன் போதவில்லை என்பதைச் சொல்ல மீட்டர் எதற்கு? அவர் மூச்சு வாங்கும் சத்தம் வாசல் வரை கேட்டது. சிமெண்ட் கிடங்கில் மூட்டை தூக்குகிறவர். ஒரே நடையில் இரண்டு மூட்டை தூக்குவதால் எல்லோருக்கும் அவர் ‘கிரேன்’. அந்தக் கிரேன் இன்று இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை நின்று நின்று பேசியது.

“சிஸ்டர்... உங்களுக்குத்தான்... வீண் சிரமம்.”

“பேசாம உக்காருங்கண்ணே. அதுவே பெரிய உதவி.”

எங்கள் சுகாதார நிலையத்தில் ஆக்சிஜன் கிடையாது. பெரிய ஆஸ்பத்திரியில் உண்டு. அங்கே போக இரண்டு பஸ் மாற வேண்டும், மூன்று மணி நேரம். அதற்குள் இவர் தாங்க மாட்டார். ஆம்புலன்ஸ் வரவேண்டுமென்றால் மீட்டர் தொண்ணூற்று இரண்டுக்குக் கீழே காட்ட வேண்டும். எழுதி அனுப்பினால் செல்லாது. விரலில் மாட்டிய மீட்டரைப் படமெடுத்து அனுப்ப வேண்டும்.

பத்தொன்பது வருட நர்ஸின் வாய்ச்சொல்லுக்கு அவ்வளவுதான் மரியாதை.

போன் போட்டும் பார்த்தேன். ஆள் திணறுகிறார் என்றேன். உதடு நீலமாகிறது என்றேன்.

“நம்பர் எவ்ளோ மேடம்?” என்றாள் அந்தப் பக்கத்துப் பெண். சொன்னேன். “அப்ப நார்மல்தானே மேடம்” என்று வைத்துவிட்டாள்.

இந்த நார்மலை நம்பி இந்த வருடம் இரண்டு பேரை வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். ஒருவர் மறுநாளே போய்விட்டார். இன்னொருவரை அவர் தம்பி எப்படியோ ஆஸ்பத்திரியில் சேர்த்தார். அங்கே ரத்தம் எடுத்துப் பார்த்தால் எண்பத்து நான்கு. சாயங்காலத்துக்குள் அவரும் போய்விட்டார்.

மேலிடத்துக்கு எழுதினேன். ‘பேட்டரி மாற்றிப் பார்த்தீர்களா?’ என்று பதில் வந்தது. மாற்றினேன். பிறகு மீட்டரையே மாற்றிக் கொடுத்தார்கள். புதுசு பழசைவிடப் பிடிவாதம்.

இத்தனைக்கும் அது கெட்டுப்போன மீட்டர் இல்லை. இந்த மீட்டர்களை நன்கொடையாக அனுப்பிய நாட்டிலிருந்து போன மாதம் ஒரு வெள்ளைக்காரத் தொண்டர் வந்திருந்தார். வந்த இடத்தில் அவருக்கு நெஞ்சுச் சளி. மீட்டர் எண்பத்தொன்பது என்றது, ஆஸ்பத்திரி ரத்தப் பரிசோதனையும் எண்பத்தொன்பது என்றது. ஆம்புலன்ஸ் பன்னிரண்டு நிமிடத்தில் வந்து நின்றது. சொந்த நாட்டுக்காரரிடம் மட்டும் உண்மை பேசுகிறது போல என்று நான் கேலி செய்ததுண்டு.

அவர்கள்தான் எங்களுக்கு மூன்று நாள் பயிற்சியும் கொடுத்தார்கள். ‘உலக நலவாழ்வு: ஓர் அறிமுகம்’. நாட்டுக்கு நாடு ஆயுசு ஏன் மாறுகிறது என்று கலர் கலராகப் படம் போட்டார்கள். ஏன் என்று எனக்குக் கடைசிவரை பிடிபடவில்லை. சாப்பாடு நன்றாக இருந்தது.

உருப்படியாக ஒன்று மட்டும் அங்கே கற்றுக்கொண்டேன். நெயில் பாலிஷ் இருந்தால் மீட்டர் குறைத்துக் காட்டும், துடைத்துவிட்டு மாட்டுங்கள் என்றார்கள்.

கிரேனின் மகள் அப்பாவின் தோளைப் பிடித்தபடி நின்றிருந்தாள். எட்டாவதோ ஒன்பதாவதோ படிக்கிறாள். விரல் பத்திலும் கருப்புப் பாலிஷ்.

“கண்ணு, இந்தப் பாலிஷ் பாட்டில் கைவசம் இருக்கா?”

அவள் மிரண்டுபோய்ப் பள்ளிக்கூடப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தாள்.

கிரேனின் காய்த்துப்போன விரல் நகத்தில் நான் கருப்புப் பாலிஷ் தடவினேன். “இந்த நேரத்துல என்ன சிஸ்டர் விளையாட்டு?” என்று பக்கத்தில் உட்கார்ந்திருந்த அவர் மனைவிக்குக் கோபம் வந்துவிட்டது. கிரேன் மட்டும் நகத்தைப் பார்த்து, அந்த மூச்சுத் திணறலிலும் சிரித்தார்.

முதல் பூச்சுக்குத் தொண்ணூற்று மூன்று. இரண்டாவதுக்குத் தொண்ணூற்று ஒன்று. மனசு கேட்காமல் மூன்றாவதும் பூசினேன். தொண்ணூறு.

படமெடுத்து அனுப்பினேன். பொய்தான். வெட்கமாக இல்லை.

பதினொரு நிமிடம் கழித்துப் பதில் வந்தது.

‘நகத்தில் கருப்பு நிறம் உள்ளது. கருப்பு நிறம் மீட்டரின் வெளிச்சத்தைத் தடுக்கும். அளவு தவறாக வரும். துடைத்துவிட்டு மறுபடி படமெடுத்து அனுப்பவும்.’

ஒருமுறை படித்தேன். பல்லைக் கடித்துக்கொண்டு இன்னொரு முறை படித்தபோதுதான் உறைத்தது. கோபம்கூட அப்படியே நின்றுவிட்டது.

ஸ்பிரிட்டில் பஞ்சை நனைத்துத் துடைத்தேன். பாலிஷ் மொத்தமும் பஞ்சில் வந்துவிட்டது. மீட்டரை மாட்டினேன். தொண்ணூற்று நான்கு. கிரேன் இப்போது இரண்டு வார்த்தைகூடப் பேசவில்லை. கண் செருகிக்கொண்டு வந்தது.

மீட்டருக்குள் அவர் விரல் இருந்தது. அதைப் பிடித்திருந்த அவர் மனைவியின் கை, தோளில் மகளின் கை, பஞ்சு வைத்திருந்த என் கை. எல்லாம் ஒரே கருப்பு நிறம்.

போனை எடுத்துப் பதில் அடித்தேன்.

‘நகத்தைத் துடைத்துவிட்டேன். எங்கள் தோலை எதால் துடைப்பது?’