மூன்றாவது வரிசை

மெக்கானிக் நடு சீட்டைக் கழற்றி வெளியே வைத்துவிட்டார். இன்னும் பாக்கி இருப்பது மூன்றாவது வரிசை மட்டும்தான்.

அதன் தரைவிரிப்புக்கு அடியில் என் கடிதம் இருக்கிறது.

ஒர்க்‌ஷாப் கேட்டுக்கும் வண்டிக்கும் நடுவே எத்தனை தடவை நடந்தேனோ, கணக்கே இல்லை. மணி நாலேகால். பக்கத்தில் என் கணவர் கையைக் கட்டிக்கொண்டு, யாரோ வீட்டு வண்டியைப் பார்ப்பது போல நின்றுகொண்டிருந்தார்.

எல்லாம் ஒரு எலியால் வந்தது. முந்தாநாள் ஏசி ஒயரைக் கடித்தது. இன்றைக்குக் காலையில் பின் விளக்கும் போச்சு. நாலு பேர் இருக்கிற வீட்டுக்கு ஏழு சீட்டு வண்டி எதற்கு என்று வாங்கும்போதே தலைப்பாடாக அடித்துக்கொண்டேன். யானையைக் கட்டித் தீனி போடுகிற மாதிரி, மாதம் ஒரு செலவு வைக்கிற வண்டி. அந்த மூன்றாவது வரிசையை நாங்கள் விரித்ததே இரண்டு தடவைதான்.

அதனால்தான் கடிதத்தை அங்கே வைத்தேன்.

எங்கள் வீட்டில் எதை ஒளித்தாலும் பிள்ளைகளில் ஒன்றின் கையில் சிக்கிவிடும். மூன்று மாதத்துக்கு முன் ஒரு தலையணையே காணாமல் போன வீடு அது. இரண்டையும் நிற்கவைத்து விசாரித்தேன். பக்கத்து வீட்டுத் துணிக்கொடியைக்கூட எட்டிப் பார்த்தேன். கிடைக்கவில்லை.

கடிதம் போன வாரம் வந்தது. எனக்குப் பதவி உயர்வு, வேறு ஊரில். பன்னிரண்டு வருடமாகக் காத்திருந்த நாற்காலி. வருகிறேன், வரவில்லை என்று இன்று மாலை ஐந்து மணிக்குள் சொல்ல வேண்டும்.

வரவில்லை என்றுதான் சொல்லப் போகிறேன். அவருடைய வேலை இந்த ஊரில். காலை எட்டரைக்கு டிபன் பாக்ஸோடு வண்டியை எடுத்தால் மாலை ஆறரைக்குத்தான் வருவார். அவரிடம் கேட்டால் போ என்பார், அப்புறம் ஒரு மாதம் சரியாகச் சாப்பிட மாட்டார். எதற்கு வம்பு? மறுப்பை போனில் தட்டி வைத்தாயிற்று. அனுப்பத்தான் விரல் வரவில்லை. கடிதத்தைக் கிழித்துப் போடவும் மனசு வரவில்லை.

வண்டி வேலைக்கு என்னை ஒருநாளும் கூப்பிடாத மனிதர், இன்று ஆபீசில் பெர்மிஷன் போட்டிருப்பதாகச் சொல்லி என்னையும் வரச் சொன்னார். கூப்பிடாவிட்டாலும் வந்திருப்பேன். மடியில் கனம் இருந்தால் வழியில் பயம் இருக்கத்தானே செய்யும்?

மெக்கானிக் நடு சீட்டைப் புரட்டிப் பார்த்தார்.

"வண்டியில உக்காந்து தினமும் சாப்பிடறது யாருங்க? அடியில பூரா பருக்கை. இதுக்குத்தான் எலி குடி வந்திருக்கு."

பிள்ளைகளாக இருக்கும் என்றார் என் கணவர். பிள்ளைகள் பள்ளிக்குப் போவது வேனில். அதை யோசிக்கிற நிலையிலா நான் இருந்தேன்? என் கண் பின்னாலேயே இருந்தது.

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தலாமா, ஒயரை மட்டும் மாற்றினால் போதாதா என்று மெக்கானிக்கிடம் சொல்லிப் பார்த்தேன். அவரும் சரி என்கிற மாதிரி தலையாட்டினார். என் கணவர்தான் விடவில்லை. பின் சீட்டையும் கழற்றி முழுதாகப் பார்த்துவிடச் சொன்னார். என்னைப் பார்க்காமல் சொன்னார்.

எனக்கு வந்த ஆத்திரத்தில் அந்த ஸ்பேனரைப் பிடுங்கி எறியலாம் போல இருந்தது.

ஒரு போல்ட். இரண்டாவது. மூன்றாவது முரண்டு பிடித்தது, அதற்கு எண்ணெய் விட்டார். மணி நாலு இருபத்தைந்து.

சீட்டு மேலே வந்தது.

அடியில் பஞ்சு. கொத்துக் கொத்தாகப் பஞ்சைப் பிய்த்துப் போட்டு, நடுவில் குழி பறித்து, எலி சுகமாகக் கூடு கட்டியிருந்தது. அதற்குப் பின்னால் திணித்து வைத்திருந்த தலையணையை மெக்கானிக் இழுத்துப் போட்டார். நீலக் கட்டம் போட்ட உறை. என் தையல்.

காணாமல் போன தலையணை.

நான் அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். தலையணை. பருக்கை. ஆபீஸ் இருக்கிற மனிதன் டிபன் பாக்ஸை வண்டிக்குள் ஏன் திறக்கிறான்? பட்டப்பகலில் வண்டியில் ஏன் தலைசாய்க்கிறான்?

ஆபீஸ் இல்லை. மூன்று மாதமாக இல்லை.

தினமும் எட்டரைக்கு நான்தான் கேட்டைத் திறந்துவிட்டேன். எங்கேயோ ஒரு மரத்தடியில் வண்டியை நிறுத்தி, ஆறு மணி வரை உட்கார்ந்திருந்திருக்கிறார். கோபம் வந்தது. அதைவிட வேகமாக அழுகை வந்தது. திரும்பிப் பார்த்தேன். அவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

மெக்கானிக் தரைவிரிப்பையும் உரித்தார். விளிம்பெல்லாம் எலி கடித்துக் குதறியிருந்தது. அதற்கடியில் என் கடிதம், ஒரு கீறல் இல்லாமல்.

வண்டியின் இன்சூரன்ஸ் காகிதம் வைக்கிற கெட்டி பிளாஸ்டிக் கவருக்குள் இருந்தது. வாயை மடித்து, குறுக்கே இரண்டு ரப்பர் பேண்ட்.

நான் அதை வெறும் காகிதமாகத்தான் வைத்திருந்தேன்.

அவர் குனிந்து எடுத்தார். மேலே ஒட்டியிருந்த பஞ்சைத் தட்டிவிட்டு என்னிடம் நீட்டினார்.

"அஞ்சு மணிக்குள்ள சொல்லணும்ல? வரேன்னு அனுப்பிடு."

கவரை அவர் பிரிக்கவே இல்லை.