மேய்னுக்குப் போகும் சொதி

மேசை நடுவில் இருந்த ஐஸ்கிறீம் டப்பாவைச் செல்வமலர் திறந்தாள்.

உள்ளே இருந்த தேங்காய்ப்பால் சொதி பழுதாகியிருந்தது. கதவோரம் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டிருந்த கணவர் நகுலேஸ்வரனுக்கு அங்கிருந்தே மணந்தது.

அவ்வளவுதான். மகள் அரிசோனாவுக்குப் போய்விடுவாள்.

ஒரு டப்பாச் சொதிக்கும் அரிசோனாவுக்கும் என்ன தொடர்பு என்று கேட்டால், அந்த வீட்டில் எல்லோரும் அளவுக்கு மீறி நல்லவர்களாக இருந்ததுதான்.

ஆர்த்திகாவுக்கு இரண்டு ஒஸ்டியோபதி மருத்துவக் கல்லூரிகளில் இடம் கிடைத்திருந்தது. இரண்டும் அமெரிக்காவில். மேய்னில் இருப்பது அவர்கள் குடியிருந்த மொன்றியலிலிருந்து காரில் ஐந்து மணி நேரம். அரிசோனாவில் இருப்பதற்கு விமானம் ஏற வேண்டும். நாளைக்குள் ஒன்றுக்கு ஓம் சொல்லியாக வேண்டும்.

அங்கே படித்தால் முழு டொக்டர். எலும்பையும் தசையையும் கையால் பிடித்துச் சரிசெய்யவும் தெரிந்த டொக்டர். ஆனால் கியூபெக்கில் அந்தப் பெயரோடு இருப்பவர்கள் முதுகு பிடித்துவிடுகிறவர்கள் மட்டுமே. அதனால் செய்தி பரவிய நாள் முதல் சென்ட் லோரன்ட் பகுதித் தமிழ்ச் சனம் ஆர்த்திகாவைக் கண்டால் வணக்கம் சொல்லுமுன் முதுகைக் காட்டியது. குணரத்தினம் அண்ணை கோயில் பூசை நடுவிலேயே தோள்மூட்டைக் காட்டினார்.

அவருக்கென்ன, மூட்டைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். வீட்டில் முடிவுதான் வரவில்லை.

"எனக்கு ரெண்டும் ஒண்டுதான். உங்களுக்கு எது வசதியோ அது" என்பாள் மகள்.

"உன்ரை விருப்பம்தான் எங்கடை விருப்பம்" என்பார் தகப்பன்.

இப்படியே கிழமைகள் ஓடின. மேய்ன் என்று சொல்லிவிட நகுலேஸ்வரனுக்கு நாக்குத் துடித்தது. பிள்ளையின் காலைக் கட்டிப்போட்ட பாவம் நமக்கெதற்கு என்று ஒவ்வொரு முறையும் விழுங்கிக்கொண்டார்.

கடைசியில் வழி சொன்னவள் செல்வமலர். மேய்ன் கிட்ட இருப்பதால் என்ன லாபம்? சனி ஞாயிறில் சாப்பாடு கொண்டு போகலாம். ஆர்த்திகாவுக்கோ இடியப்பமும் சொதியும் என்றால் உயிர். போய்ச் சேருமுன் சொதி பழுதானால் மேய்ன் என்ன, அரிசோனா என்ன?

"காரிலை வைச்சு அஞ்சு மணித்தியாலம் ஓடிப்போட்டு வாங்கோ. சொதி நல்லா இருந்தா மேய்ன். பழுதாப் போனா அரிசோனா."

சொன்னதோடு நிற்காமல், வழியில் திறக்கக்கூடாதென்று டப்பாவைச் சுற்றி டேப்பும் ஒட்டிக் கொடுத்தாள்.

இரண்டாயிரத்து ஆறாம் ஆண்டு, மார்ச் மாதத்து ஞாயிற்றுக்கிழமை. தெருவோரம் பனி குவிந்து கிடந்தது. நகுலேஸ்வரன் பின் இருக்கையில் டப்பாவை வைத்து சீட் பெல்ட் போட்டுவிட்டார். ஆற்றுக்கு அப்பால் லொங்கேய் போனார், திரும்பினார். சென்ட் மிஷேல் போனார். வேறு இடம் தோன்றாமல் மறுபடியும் லொங்கேய் போனார்.

சொதிக்குச் சூடு படக்கூடாதென்று ஹீட்டரைப் போடவில்லை. பின் கண்ணாடியையும் கொஞ்சம் இறக்கிவிட்டார். மூக்கு நுனி விறைக்க, பல் கிட்டிக்க, ஒரு கைக்குழந்தையைக் கொண்டு போவதுபோல வளைவுகளில் மெதுவாகத் திருப்பினார்.

அப்படி ஓட்டியும் சொதி அவரைக் கைவிட்டுவிட்டது.

ஆனால் மனிதர் அசரவில்லை. நேரே வந்து மேசையில் உட்கார்ந்தார். இடியப்பத்தை எடுத்துப் போட்டார், சொதியை விட்டார், பிசைந்தார், வாயில் வைத்தார். தொண்டை மாட்டேன் என்றது. விழுங்கினார்.

"நல்லாத்தான் இருக்கு. இன்னும் கொஞ்சம் விடும்."

செல்வமலர் கரண்டியைப் பிடித்தபடி அவரையே பார்த்தாள். தனக்குப் பசியில்லை என்றாள்.

இனி மகள் சாப்பிட வேண்டும். பால் பெட்டியைக்கூட நாலு தரம் மணந்து பார்த்துவிட்டுத்தான் ஊற்றுவாள் ஆர்த்திகா. ஒரு வாய் வைத்தாலே தன் குட்டு உடைந்துவிடும் என்று நகுலேஸ்வரன் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் ஒரு வாய் வைத்தாள். இன்னொரு வாய். கண்ணில் நீர் முட்டியது. சம்பல் உறைப்பு என்றாள். சம்பல் அவளுடைய கோப்பை ஓரத்தில் தொடாமல் அப்படியே இருந்தது.

பிறகு சொதியை இரண்டாம் முறையும் விட்டுக்கொண்டாள்.

"நல்லா இருக்கம்மா. அப்ப மேய்ன்தானே" என்றாள்.

நகுலேஸ்வரனுக்கு எழுந்து ஆட வேண்டும்போல இருந்தது. பிள்ளைக்குச் சளி பிடித்திருக்கும், மூக்கு அடைத்திருக்கும், எந்தக் கடவுள் அடைத்தாரோ அவருக்கு ஒரு தேங்காய் என்று நேர்ந்துகொண்டார்.

பின்னேரம் வயிறு அவரைக் கூப்பிட்டது. வீட்டில் இருந்ததோ ஒரே ஒரு பாத்ரூம். ஓடிப்போய்க் கதவைச் சாத்தினார்.

கொஞ்ச நேரத்தில் கதவுக்கு வெளியே செல்வமலரின் குரல் தணிந்து கேட்டது.

"இஞ்சேருங்கோ. அது முந்தநாளையான் சொதி. பழுதானதைத்தான் டப்பாவிலை விட்டனான். பிள்ளைக்கு அரிசோனாவிலைதான் ஆசை, எங்களைப் பார்த்துச் சொல்லாமல் இருக்கிறாள் எண்டு நினைச்சன். மணந்தவுடனை கொட்டிப்போடுவியள் எண்டுதான் செய்தனான். ரெண்டு பேரும் இப்பிடி வழிச்சுத் தின்னுவியள் எண்டு ஆர் கண்டது?"

நகுலேஸ்வரன் ‘ரெண்டு பேரும்’ என்ற சொல்லிலேயே நின்றுவிட்டார். ஹீட்டர் இல்லாமல் விறைத்த விறைப்பெல்லாம் வீண் என்று கோபம் வந்திருக்க வேண்டும், வரவில்லை.

அப்போது கதவு படபடவென்று தட்டப்பட்டது.

"அப்பா, கெதியா வெளியாலை வாங்கோ. என்னாலை ஏலாது."

மகளின் குரல்தான். சளி துளியும் இல்லாத, தெளிவான குரல்.