பின்வரிசைத் தூண்

"அந்தத் தூணை எடுக்கக் கூடாதும்மா. எங்க தாத்தா காலத்துலேர்ந்து..."

"உங்க தாத்தா காலத்துல அந்தத் தூணே கிடையாது சார். ஆலயத்தைக் கட்டினவங்க..."

"கூரை தலையில விழுந்தா நீயா வந்து பதில் சொல்லுவே?"

பழைய ஆலயத்தைக் கட்டின காலத்து அழகுக்கே திருப்ப வந்திருந்த இன்ஜினியர் பெண் பெருமூச்சு விட்டாள். கூரைத் தகரத்தைக் கழற்றவும் பளபளா டைல்ஸைப் பெயர்க்கவும் தாராளமாகத் தலையாட்டிய சபைச் செயலாளர், பின்வரிசைத் தூண் என்றதும் மட்டும் வரிந்துகட்டிக்கொண்டு நின்றார்.

"பின்னாடி யாரோ சிமெண்டுல கட்டிச் சொருகினது சார். பிரசங்க பீடத்தையே மறைக்குது."

"பிரசங்கம் காதால கேக்குறது. கண்ணுக்கு அங்க என்ன வேலை?"

சொல்லிவிட்டு, தூணோரம் இருந்த தன் வழக்கமான பெஞ்சில் சட்டமாக உட்கார்ந்தார். இந்தத் தூணுக்காகக் கமிட்டியில் ராஜினாமா வரை போய் வந்தவர். 'முன்னோர் சொத்து' என்று சொல்லும்போதே குரல் தழுதழுக்கும்.

அவள் விடவில்லை. ஏணியில் ஏறி, தூணின் உச்சிக்கும் உத்திரத்துக்கும் நடுவே ஒரு காகிதத்தை நுழைத்து மறுபக்கம் உருவினாள்.

"பாத்துக்குங்க. இது எதையுமே தாங்கலை. சும்மா நிக்குது."

செயலாளர் சட்டென்று தூணில் உள்ளங்கை அகலத்துக்குப் படிந்திருந்த எண்ணெய்க் கறையைக் காட்டினார்.

"இது அந்தக் காலத்துல விளக்கு மாட்டின அடையாளம். இதையும் இடிச்சித் தள்ளப் போறியா?"

"நெஞ்சு உயரத்துல யாரு சார் விளக்கு மாட்டுவா?"

பீடத்தருகே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த போதகரை இருவரும் திரும்பிப் பார்த்தார்கள். முடிவு அவர் கையில்தான்.

"தூண் அப்படியே இருக்கட்டும். எனக்கும் அது வேணும்" என்றார் போதகர்.

செயலாளர் எழுந்து காலரைச் சரிசெய்துகொண்டார். ஆலயத்தையே ஒற்றை ஆளாகக் காப்பாற்றிவிட்ட களை முகத்தில் வந்திருந்தது.

"ஐயா, நீங்களுமா? அது எதையும் தாங்கலைன்னு இப்பத்தானே காட்டினேன்?"

போதகர் நிதானமாக நடந்து வந்தார். கறையைத் தடவிப் பார்த்து, விரலைக் கைக்குட்டையில் துடைத்துக்கொண்டார்.

"தாங்காம என்னம்மா? நான் பிரசங்கத்தை ஆரம்பிச்சதுலேர்ந்து ஆமென் சொல்ற வரைக்கும் சாரோட தலையைத் தாங்குதே."